வீபே தன் அம்மாவைக் கூட்டிப்போன ஊர்

பாலத்து வீபே என்றால், பெல்ஜியத்துக்கு வடக்கே தட்டையாகக் கிடக்கும் ஃப்ரீஸ்லாந்தில், அந்தக் கால்வாய் நெடுகத் தெரியும். படகு வரும்போது பாலத்தைத் தூக்குவான், படகு போனதும் இறக்குவான். நடுவில், தூண்டில் கோலின் நுனியில் ஒரு மரச்செருப்பைக் கட்டி ஆட்டிவிட்டுப் படகுக்காரர்களிடம் பாலக்காசு வாங்குவான். ஒருமுறை ஜெர்மன்காரர் ஒருவர் காசு போட மறந்தபோது, அவர் வாயில் எரிந்துகொண்டிருந்த சுருட்டைச் செருப்பில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டானாம். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. நம்பாதவரும் யாரும் இல்லை.

பிறந்தபோதுகூட அவன் அழவில்லை, தன்னால் யாருக்கும் தொந்தரவு இல்லையே என்பதுபோல் சுற்றிப் பார்த்தான் என்று அவன் அம்மா ஹிங்கே சொல்வாள். கல்யாணம் ஒன்று நடந்தது. பாலத்தைக் கடக்கும் படகைப்போல் அதுவும் கைகாட்டிவிட்டுப் போய்விட்டது. அண்ணன் கனடாவில் மாடு வளர்க்கிறான். அப்பா போய் வெகுகாலம். அம்மாவின் வீடு வீபே வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. தினம் மாலை ஆறு மணிக்கு அங்கே போய் உருளைக்கிழங்கும் இறைச்சிக் குழம்பும் சாப்பிடுவான். அம்மா பேசுவாள், அவன் தலையாட்டுவான். ஐம்பத்தாறு வயது ஆளை 'அவன், இவன்' என்று சொல்வது சரியில்லைதான். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் அவனைப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

குளிர்காலத்தில் படகு வராது. பாலம் தூங்கும். நவம்பர் பிறந்தால் வீபே காணாமல் போய்விடுவான். போர்ச்சுகலில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ஒரு குன்றின்மேல், வால்சோப்ரோ என்று ஒரு வெள்ளை ஊர். வருஷம் தவறாமல் அங்கேதான் போவான். அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் அடித்துச் சொன்னார்கள். பெண் இல்லை. ஆலிவ் மரங்கள் இருந்தன.

முதல் தடவை போனது வழி தவறித்தான். குன்றின்மேல் அவனுடைய பழைய வேனின் கியர் பெட்டி உடைந்தது. மாற்றுச் சாமான் லிஸ்பனிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அது நடந்தே வந்திருக்க வேண்டும். அது வந்து சேர்வதற்குள் வீபே கோலால் மரத்தைத் தட்டி ஆலிவ் உதிர்க்கக் கற்றுக்கொண்டான், மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் உட்காரக் கற்றுக்கொண்டான். வேறெங்கும் பேசாதவன், அரைகுறை மொழியில், அங்கே பேசினான். ஒரு தடவை காப்பிக்கடையில் நகைச்சுவைகூடச் சொன்னான். வண்டி சரியாகிப் புறப்பட்ட அன்று கண்ணைத் துடைத்தபடி, "தூசி" என்றான். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

போன வருஷம், அவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கும் இடலினா சொன்னாள்: "எதுக்குப் போறதும் வர்றதுமா இருக்கே? எங்கண்ணன் வீடு சும்மாத்தானே கிடக்கு. ஒரேயடியா வந்துடேன், பிள்ளை."

வீபேக்கு அதைவிட வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆறு மணி உருளைக்கிழங்கை என்ன செய்வது? எண்பது வயதைத் தொடப்போகிறவளிடம் 'உன்னை விட்டுவிட்டுப் போகிறேன்' என்று எந்த வாயால் சொல்வது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மாவை அங்கே கூட்டிப்போவது. ஊரைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிடும். அப்போது கேட்டுவிடலாம். கேட்கவேண்டிய வாக்கியத்தைப் பாலத்து அறையில் உட்கார்ந்து கால்வாய் வாத்துகளிடம் சொல்லிப் பார்த்தான். வாத்துகள் மறுக்கவில்லை.

புறப்படும் நாளில் அம்மா ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வேனில் ஏற்றினாள்.

"அங்க உருளைக்கிழங்கு கிடைக்கும்மா."

"கிடைக்கும். யாரு தோட்டத்துதுன்னு உனக்குத் தெரியுமா?"

உருளைக்கிழங்குக்குப் பின்னால் பாலாடைக்கட்டி, காப்பித்தூள், ரொட்டிமேல் தூவும் சாக்லேட் பொடி, பட்டாணி சூப் போத்தல்கள், பிஸ்கட் டப்பா எல்லாம் ஏறின. பெல்ஜியம் தாண்டி, பிரான்ஸ் தாண்டி, ஸ்பெயினின் மலைகளுக்குள் வண்டி நுழைந்தபோது வீபே, "எப்படிம்மா இருக்கு?" என்று ஆவலோடு கேட்டான்.

அம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். "இவ்வளவு மேடு எதுக்குடா? பார்க்க வேண்டியதையெல்லாம் மறைக்குது."

வால்சோப்ரோவுக்குள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. இருபக்கமும் வீடுகளில் ஜன்னல்களின் மரக்கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

"ஊர்ல எல்லாரும் செத்துட்டாங்களா?"

"ஆலிவ் பறிக்கப் போயிருக்காங்க."

"சரி. ஜன்னலை எதுக்குச் சாத்தினாங்க? எதை ஒளிக்கிறாங்க?"

ஹிங்கே தன் வாழ்நாளில் திரைச்சீலை இழுத்து மூடியவள் இல்லை. அவள் தெருவில் யாரும் மூடமாட்டார்கள். பொழுது சாய்ந்தால் விளக்கைப் போட்டு, ஜன்னலோரம் இரண்டு பூந்தொட்டிகளை வைத்துவிட்டு, தெருவில் போகிறவர் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்களும் கூச்சமில்லாமல் பார்த்து, கைகாட்டிவிட்டுப் போவார்கள். ஒருவர் வீட்டுத் திரை பகலில் மூடியிருந்தால் மறுநாள் பாதிரியார் விசாரிக்க வந்துவிடுவார்.

அன்று மாலை இடலினா ஒரு பானை சூப்போடு வந்து, ஹிங்கேயைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டாள். இடலினா போர்த்துக்கீசில் பேச, ஹிங்கே ஃப்ரீஸிய மொழியில் பேச, அரைமணி நேரம் இருவருமே நிறுத்தவில்லை. அவள் போனதும் ஹிங்கே சூப்பில் மிதந்த கொத்தமல்லியை முகர்ந்து பார்த்தாள்.

"சோப்பு வாசனை அடிக்குது. ஆளு நல்ல பொம்பளை. ஆனா ரொம்பத் தொடறா."

அடுத்தடுத்த நாட்களில் வீபே தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஆயிரம் வயது ஆலிவ் மரத்தைக் காட்டினான். "இதை வெட்டாம ஏன் விட்டாங்க?" என்றாள். குன்றின் உச்சியில் நின்று இரண்டு நாடு தெரிவதைக் காட்டினான். "நம்ம வீட்டு மாடியிலேர்ந்தே ஏழு ஊர் கோபுரம் தெரியும்" என்றாள். காப்பிக்கடையில் அவன் போர்த்துக்கீசில் ஏதோ சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தபோது மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தவர்களையும் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் இரவில் அவன் அந்த வாக்கியத்தைத் தொண்டை வரை கொண்டுவருவான். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். வாக்கியம் திரும்பிப் போய்விடும்.

அம்மாவுக்கு எண்பது முடியும் நாள் வந்தது. காலையில் எழுந்ததுமே அவள் முகம் சரியில்லை.

"நம்ம ஊரா இருந்தா இந்நேரம் நாற்காலியெல்லாம் வட்டமா போட்டிருப்பேன். கூப்பிடாமலே எல்லாரும் வந்து உட்கார்ந்து எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்வாங்க. உனக்கும் சொல்வாங்க, எண்பது வயசு அம்மா உனக்கு இருக்கான்னு. இங்க யாரு வருவா?"

"நான் இருக்கேன்லம்மா. நாலு மணிக்குக் கேக் வெட்டலாம்."

"நாலுன்னா நாலு."

"நாலுதான்."

இன்று கேக் வெட்டியதும் கேட்டுவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். ஆனால் அன்று பார்த்துத்தான் செஃபெரீனோவுக்குப் பக்கத்து ஊர் எண்ணெய்ச் செக்கில் முறை வந்தது. செஃபெரீனோ காப்பிக்கடைக்காரர், வீபே பறித்ததெல்லாம் அவர் தோட்டத்தில்தான். செக்கில் முறை தவறினால் அடுத்து எப்போது கிடைக்குமோ, மூட்டையிலேயே ஆலிவ் புளித்துவிடும். வீபேயின் வேனில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள்.

செக்கில் கூட்டம் அலைமோதியது. மழை பிடித்துக்கொண்டது.

"அம்மாகிட்டக் கேட்டியா?" என்றார் செஃபெரீனோ.

"இன்னைக்குக் கேட்கறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே. உன்னை மாதிரி ஒரு ஆளு எங்கப்பா காலத்துல இருந்தான். ஒருத்திகிட்ட சம்மதம் கேட்கப் போனவன், கடைசியில அவ பேத்தி கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தான்."

நாலு மணி எப்போதோ போய்விட்டது. தன் எண்ணெய் மற்றவர் எண்ணெயோடு கலந்துவிடாமல் காவல் இருக்க செஃபெரீனோ அங்கேயே தங்கிவிட, வீபே தனியாகத் திரும்பினான். மலைப்பாதையில் சேறு. இருட்டு. கடைசி வளைவில் திரும்பியதும் ஊர் தெரிந்தது, ஊரில் அந்த வீடு தெரிந்தது.

வீட்டின் எல்லா ஜன்னல்களும் அகலத் திறந்திருந்தன. அறைக்கு அறை விளக்கு. ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி. வாசற்கதவு திறந்து கிடக்க, கறுப்புச் சால்வை போர்த்திய பெண்கள் மழையில் நனைந்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

வால்சோப்ரோவில் ஜன்னல்களை அப்படித் திறந்துபோடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஆவி வீட்டுக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே போகவேண்டும், அக்கம்பக்கத்தார் வெளிச்சத்தைப் பார்த்து வந்து சேரவேண்டும். வீபே அந்த ஊரில் எத்தனை சாவு பார்த்திருக்கிறான், நாற்காலி தூக்கிக்கொடுத்திருக்கிறான்.

வேனை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு ஓடினான். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதையும் விட்டான். பிறந்தநாளும் அதுவுமாக. இந்தக் குளிர் வீட்டில், தெரியாத ஊரில், தனியாக. எனக்காகத்தானே கூட்டிவந்தேன். அவளுக்கு என்ன வந்தது இங்கே? இதுதான் அவன் மனதில் ஓடியது. வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, "அம்மா!" என்று கத்தியபடி உள்ளே விழுந்தான்.

கூடத்தில் சுவரோரமாக வட்டமாக நாற்காலிகள். நாற்காலிக்கு ஒருத்தியாக ஊர்ப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு காப்பிக் கோப்பை, ஒரே ஒரு பிஸ்கட். நடுவில், கருநீலப் பட்டு உடுப்பில், எண்பது வயது ஹிங்கே டப்பாவை மூடிக்கொண்டு நின்றாள். அவள் ஊரில் விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட், உடனே மூடி.

"நாலுன்னு சொன்னே," என்றாள் அம்மா. "மணி இப்போ ஆறு."

அடுத்த கணம் கூடமே அலறியது. நாலு கோப்பைகள் உடைந்தன. ஒரு கிழவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள். இடலினா எழுந்து வந்து வீபேயின் கன்னங்களைத் தடவிப் பார்த்தாள், மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பளாரென்று ஒன்று வைத்தாள்.

"உயிரோட இருந்துக்கிட்டு எங்களையெல்லாம் அழ வெச்சியேடா, பாவி!"

நடந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நாலு மணிக்கு மகன் வரவில்லை. பிறந்தநாள் வீடு இருண்டு கிடப்பதை ஹிங்கேயால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல்களைத் திறந்தாள், விளக்கேற்றினாள், நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். யாராவது எட்டிப்பார்த்தால் உள்ளே வரட்டும் என்று கதவையும் திறந்துவைத்தாள். முதலில் ஓடிவந்தவள் இடலினா. கிழவி முழுசாக நிற்கிறாள். அப்படியானால் போனது யார்? "வீபே?" என்று கேட்டாள். ஹிங்கே கடிகாரத்தைக் காட்டினாள், மழையைக் காட்டினாள், மலைப்பாதைப் பக்கம் கையை நீட்டி, வரவில்லை என்று தலையை ஆட்டினாள். இடலினா அப்படியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு ஊரே வந்தது. வந்தவர்கள் வழக்கப்படி சூப்பும் சோறும் கோழியும் கொண்டுவந்தார்கள். பரிசு என்று ஹிங்கே வாங்கிவைத்தாள். சுவரோரமாக வட்டமாக உட்கார்ந்தார்கள்; அதைப் பார்த்து அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். அவள் ஒவ்வொருவர் கையையும் நன்றாகக் குலுக்கி வாழ்த்துச் சொன்னாள்.

"பிறந்தநாளுக்கு இவ்வளவு உருகுற ஜனங்களை நான் பார்த்ததே இல்லை," என்றாள் மகனிடம். "கொஞ்சம் அதிகம்தான். ஆனா நல்லா இருந்துச்சு."

வீபே விஷயத்தை இரு பக்கமும் சொன்னான். யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் ஸ்பெயின் எல்லைக் காவலர்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். சாவுக்கு வந்த கோழியைப் பிறந்தநாளுக்குத் தின்றார்கள். கேக்கை வெட்டினார்கள். இடலினா டப்பாவைப் பிடுங்கித் திறந்து, பிஸ்கட்டைக் கை நிறைய அள்ளி எல்லோருக்கும் கொடுத்தாள். ஹிங்கே கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் அம்மா மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு மேசைக்கு வந்து மகனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்க நீ போயிட்டேன்னு நினைச்சாங்க. சரி. நீ எதுக்கு அப்படி ஓடிவந்தே?"

வீபே சேறு படிந்த காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"ஒரு கால்ல செருப்பு இல்லை. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. யாருக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சே?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கா? ஜன்னல் திறந்திருக்கு, விளக்கு எரியுது. அப்படின்னா அம்மா வீட்ல இருக்கான்னுதானே அர்த்தம்? பள்ளிக்கூடம் விட்டு வர்றப்போ பனிமூட்டத்துல அந்த வெளிச்சத்தைப் பார்த்துதானே ஓடிவருவே?"

"இங்க அதுக்கு வேற அர்த்தம்மா."

"இங்க வேறதான். எனக்கு வேற இல்லையே. என் வயித்துல பொறந்தவன் நீ. உனக்கு எப்போ வேறயாச்சு?"

அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவள்போல் கேட்டாள். வீபேக்கு அப்போதுதான் உறைத்தது. வளைவில் திரும்பிய அந்த நொடியில் அவன் யோசிக்கவே இல்லை. அந்த வெளிச்சத்தை வால்சோப்ரோக்காரன் பார்ப்பதுபோல்தான் பார்த்தான். வாத்துகளிடம் சொல்லிப் பார்த்த வாக்கியத்துக்கு முன்பாகவே அவன் இங்கே குடிவந்துவிட்டிருக்கிறான். எப்போது என்று அவனுக்கே தெரியவில்லை.

"அம்மா," என்று ஆரம்பித்தான். "நான் ஒண்ணு கேட்கணும்னு…"

அம்மா கையை உயர்த்தினாள்.

"கேட்காதே. கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். நான் வேண்டாம்னு சொன்னா நீ போகமாட்டே. உன்னை எனக்குத் தெரியும். அதனால கேட்காதே."

"அப்போ நான்…"

"கேட்காம செய்யறதைச் செய். போய்க் காலைக் கழுவு, வீடெல்லாம் சேறு."

மறுநாள் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இருந்தது. அம்மா எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஆறு உருளைக்கிழங்கு போட்டாள். மகனைச் சுமக்கவைத்து வீடு வீடாகப் போனாள்.

முதல் வீட்டில் கோழி கொண்டுவந்தவள் கதவைத் திறந்தாள்.

"இவளுக்குச் சொல்லு," என்றாள் அம்மா. "உனக்கு உடம்பு சரியில்லைன்னா சொல்லமாட்டே. சாப்பிடாம இருந்தா அதுதான் அடையாளம்னு சொல்லு."

"அம்மா, இதையெல்லாம் எப்படி…"

"சொல்லுடா."

வீபே சொன்னான். தன்னைப் பற்றித் தானே, முகம் சிவக்க. அடுத்த வீட்டில், அவன் கடன் கொடுத்தால் திருப்பிக் கேட்கமாட்டான், நீங்களாகக் கொடுத்துவிடுங்கள் என்றாள். காப்பிக்கடையில் செஃபெரீனோவிடம், மூன்றாவது கோப்பை மதுவுக்குப்பின் பாடுவான், அதற்குமுன் நிறுத்திவிடுங்கள் என்றாள். அதை வீபே இரண்டாவது கோப்பை என்று மாற்றிச் சொன்னான். "மூணுன்னுதான் நாங்க கண்டுபிடிச்சோம்," என்றார் செஃபெரீனோ. வேறொரு வீட்டில், வேலையைச் செய்துகொண்டே இருப்பான், போதும் என்று யாராவது சொல்லவேண்டும் என்றாள். அந்த வீட்டுக்காரி கவனமாகக் கேட்டுவிட்டு, மருந்துச்சீட்டு வாங்கியவள்போல் தலையசைத்தாள்.

கடைசி வீடு இடலினாவுடையது. அம்மா சூப் பானையைக் கொடுத்தாள். சொல்லவந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதோ என்னவோ, இங்கே ஒன்றும் சொல்லவில்லை. இடலினா பானைக்குள் இருந்த உருளைக்கிழங்குகளைப் பார்த்தாள், ஹிங்கேயைப் பார்த்தாள்.

"உங்கம்மாகிட்டக் கேளு," என்றாள் வீபேயிடம். "இவன் இங்க வந்துட்டா அங்க நீங்க தனியா எப்படி இருப்பீங்கன்னு கேளு."

வீபே நின்றான். தன்னால் ஒருபோதும் கேட்க முடியாத கேள்வி அது. இப்போது வேறொருத்தியின் கேள்வியாக அவன் வாய்க்கு வந்திருந்தது. கேட்டான்.

அம்மா தெருவைப் பார்த்தாள். ஆலிவ் மூட்டை ஏற்றிய கழுதை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"கஷ்டமாத்தான் இருக்கும்னு சொல்லு," என்றாள். "பழகிடும்னு சொல்லாதே. எனக்குத் தெரியாது. கஷ்டமா இருக்கும்னு மட்டும் சொல்லு."

வீபே சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பாதியில் குரல் உடைந்தபோதும் நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

இடலினா உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டாள். இன்னொன்றைப் பக்கத்தில் போட்டாள். அம்மா உட்கார்ந்தாள். இடலினா தன் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹிங்கேயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா கையை விலக்கிக்கொள்ளவில்லை.